ஹீப்கியூவில் ஏற்கெனவே உள்ள ஆர்டரின் முன்னுரிமையை மாற்ற வழி இருக்கா?

கொலுசு_கோடு:
சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு ஆர்டர் வரிசை எழுதிட்டு இருக்கேன், பைத்தான் மொழியின் ஹீப்கியூவில் (சின்ன எண் உள்ளதை முதலில் தரும் முன்னுரிமை வரிசைக்கான லைப்ரரி). கல்யாண ஆர்டர் முதலில், கடை ஸ்டாக் அப்புறம். ஆனால் வரிசையில் நிற்கிற ஆர்டருக்கே போன் வரும், "முகூர்த்தம் முன்னாடி வந்துடுச்சுங்க, சீக்கிரம் வேணும்" என்று. போடவும் எடுக்கவும் ஃபங்ஷன் இருக்கு, மாற்ற இல்லை. இவ்வளவு பழைய லைப்ரரியில் இதை ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள்? இன்னொன்று, இரண்டு ஆர்டருக்கு ஒரே முன்னுரிமை எண் வந்தால் டைப்எரர் என்ற பிழை வருது.

மலைப்பாதை:
டைப்எரர் சின்ன விஷயம்ங்க. ஆர்டரை வைக்கிற டியூப்பிளில் (மதிப்புகளின் தொகுப்பு) முதல் எண் சமமானால் பைத்தான் அடுத்ததை ஒப்பிடப் போகும், அங்கே ஆர்டர் விவரம் உள்ள உங்கள் டிக்‌ஷனரி நிற்கும். அவற்றில் எது சின்னது என்று ஒப்பிட முடியாது. நடுவில் பைத்தானின் இட்டர்டூல்ஸ் கவுண்ட் தருகிற ஓடும் எண்ணை வையுங்கள், முதலில் வந்தது முதலில் போகும்.

மாற்றுவதுதான் வில்லங்கம். ஹீப்கியூ ஒரு சாதாரண லிஸ்ட் மேல் வேலை செய்கிற சில ஃபங்ஷன்கள், அவ்வளவுதான்; எந்த ஆர்டர் எந்த இடத்தில் இருக்கு என்று அதற்குத் தெரியாது. தெரியணும் என்றால் ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஒரு டிக்‌ஷனரியைத் திருத்தணும், மாற்றமே தேவைப்படாதவர்களும் அந்தச் செலவைச் சுமக்கணும். ஒருமுறை ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் வந்ததை லேசில் எடுக்கவும் முடியாது. பெரிய எண்ணை முதலில் தரும் மேக்ஸ் ஹீப் ஃபங்ஷன்களே பைத்தான் 3.14இல்தான் வெளிப்படையாக வந்தன, அதுவரை எண்ணுக்கு மைனஸ் போட்டே காலம் தள்ளினோம்.

ஹீப்கியூ ஆவணத்திலேயே வழி இருக்கு: பழைய பதிவில் ரத்து என்று குறித்துவிட்டு, புதியதைத் தள்ளுங்கள், எடுக்கும்போது ரத்தானதைத் தாண்டிப் போங்கள்.

ஏற்காடு_டெவ்:
கோ மொழியின் ஹீப்பில் முன்னுரிமை மாறியதைச் சரிசெய்ய ஃபிக்ஸ் இருக்கே! என்ன, இடமாற்றும் ஸ்வாப்பை நாமே எழுதணும், இண்டெக்ஸும் நம் தலையில்தான். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் 2021இல், 6ஆம் பதிப்பில்தான் முன்னுரிமை வரிசையே வந்தது; நடுவில் உள்ளதை நீக்கும் ரிமூவ் வர 9ஆம் பதிப்பு வரை ஆச்சு, அதுவும் முழுக்கத் தேடித்தான் நீக்கும். ஜாவாவிலும் அதே கதை.

சரி, பட்டறையில் எத்தனை ஆர்டர் இருக்கும்? சில நூறு என்றால் ரத்துக் குறியெல்லாம் எதுக்கு? தேடிப்பிடித்து அந்த இடத்தில் புது டியூப்பிளை வைத்து, வரிசையை மறுபடி ஒழுங்காக்கும் ஹீப்பிஃபை கூப்பிடுங்கள்.

கொலுசு_கோடு:
முந்நூறு தாண்டாதுங்க. ஹீப்பிஃபை கூப்பிட மறந்தால்?

மலைப்பாதை:
எரர் எதுவும் வராது, அதுதான் தொல்லை. கல்யாண ஆர்டர் உள்ளேயே கிடக்கும், கடை ஸ்டாக் முதலில் வெளியே வரும். மாற்றுவது, ஹீப்பிஃபை இரண்டையும் ஒரே ஃபங்ஷனுக்குள் போட்டுவிடுங்கள், வேறு எங்கிருந்தும் அந்த லிஸ்டைத் தொட வேண்டாம்.