பெல்ட் எட்டவில்லை என்று சொல்லத் தயங்கிய நாள்: பெரிய உடம்போடு வெளிநாடு போன அனுபவங்கள்

திருச்சியிலிருந்து, வயது 46

என் எடை 112 கிலோ. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடையைச் சொல்லாமல் "கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன்" என்று எழுதும் பயணக் குறிப்புகளால் எனக்கு ஒருநாளும் பயன் இருந்ததில்லை.

மலேசியா போக ஆசைப்பட்டு ஆறு வருடம் தள்ளிப்போட்டேன். பணம் இருந்தது, பாஸ்போர்ட் இருந்தது. "கொஞ்சம் குறைச்சிட்டுப் போயேன், அங்க போய் நடக்க முடியாம கஷ்டப்படுவே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நானும் குறைத்துவிட்டுப் போகலாம் என்றே இருந்தேன். போன வருடம் மகள், "இப்ப இருக்கிற மாதிரியே வாம்மா, போகலாம்" என்றாள். அன்றைக்கே டிக்கெட் போட்டோம்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். பக்கத்துக்கு மூன்று இருக்கை உள்ள சின்ன விமானம். இந்த மாதிரி விமானங்களில் இருக்கையின் அகலம் 17, 18 அங்குலம்தான். உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தேன். நாலு விரற்கடை எட்டவில்லை. துப்பட்டாவை எடுத்து மடியை மூடிக்கொண்டேன். பணிப்பெண் பார்த்துக்கொண்டே போனார். பெல்ட் போட்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

கடலுக்கு மேலே விமானம் குலுங்க ஆரம்பித்ததும் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மகள் என் கையைப் பிடிக்க வந்தபோதுதான் பெல்ட் போடாமல் கிடப்பதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. குலுக்கல் நின்றதும் தலைக்கு மேலிருந்த பொத்தானை அழுத்தி, வந்த பணிப்பெண்ணிடம் "எக்ஸ்டென்ஷன் பெல்ட் ஒண்ணு வேணும்" என்றாள். அவர் அரை நிமிடத்தில் கொண்டுவந்து, தண்ணீர் பாட்டிலைக் கொடுப்பதுபோலக் கொடுத்தார். இலவசம். "அடுத்த முறை ஏறும்போதே வாசல்ல சொல்லிடுங்க மேடம், சீட்டுக்கே கொண்டுவந்து தர்றோம்" என்றார். அவ்வளவுதான். இதற்கா நான் நான்கு மணி நேரத்தில் பாதியை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கழித்தேன் என்று அப்புறம் அழுகை வந்தது.

திரும்பும்போது வாசலிலேயே சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனாலும் சொன்னேன்.

இந்த பெல்ட்டைக் கடையில் வாங்கிக்கொண்டு போக நினைக்காதீர்கள். விமானத்தில் கொடுப்பதைத்தான் போட வேண்டும் என்பார்கள். அவசர வழி வரிசையில் இதைப் போட்டுக்கொண்டு உட்கார விடமாட்டார்கள். கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று முன்வரிசையையும் எடுக்க வேண்டாம். அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருக்கும், அதனால் கைப்பிடி மேலே தூக்க வராது. எனக்கு ஜன்னல் ஓரம்தான் ஒத்துவந்தது. சுவர்ப்பக்கம் சாய்ந்துகொள்ளலாம், நடைபாதை வண்டி தோளில் இடிக்காது. நடு இருக்கையில் மகள். நடுவிலிருந்த கைப்பிடியைத் தூக்கிவிட்டோம்.

பத்துமலைக்கு 272 படி. 42.7 மீட்டர் உயர முருகன் சிலைக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, கீழேயே கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது. வெயில் ஏறுமுன் போக வேண்டும் என்று காலை ஏழு மணிக்கே போயிருந்தோம். இருபது படிக்கு ஒருமுறை நின்றேன். பாதியில் ஓரமாக உட்கார்ந்தபோது, அந்த ஊர்த் தமிழ் அம்மா ஒருவர், அறுபது வயது இருக்கும், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மெல்லமா ஏறுங்கம்மா, முருகன் எங்கயும் போயிட மாட்டாரு" என்றார். நான் எழுந்தபோது அவரும் எழுந்தார், நான் நின்றபோது அவரும் நின்றார். நாற்பது நிமிடம் ஆனது. மேலே குகைக்குள் நுழைந்ததும் அந்தக் குளிர்ச்சி முகத்தில் பட்டதே, அதை இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று, பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளில் பெரும்பாலும் அதுதான். நாற்காலியின் கால் விரியும் சத்தம் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது. கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். ஒரு நாற்காலிமேல் இன்னொன்றைப் போட்டு அழுத்திப் பார்த்துவிட்டு "இப்ப உட்காருங்க அக்கா" என்றான். இரண்டு சேர்ந்தால் நன்றாகத் தாங்குகிறது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, நடந்தபடியே எழுதுங்கள்.

சென்னையிலிருந்து

அக்கா, துப்பட்டாவால் மூடியதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. நானும் செய்திருக்கிறேன்.

நான் பாங்காக் போனபோது என் பெட்டி வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. மற்றவர்களுக்கென்றால் கடையில் ஒரு டீ-ஷர்ட் வாங்கிக்கொள்ளலாம். எனக்கு அங்கே எந்தக் கடையிலும் அளவு கிடைக்கவில்லை. நம் ஊர் எக்ஸ்எல் போடுகிறவர்களுக்கே அங்குள்ள எக்ஸ்எல் இறுக்கிப் பிடிக்கும். விற்கிற பெண்கள் என்னைப் பார்த்ததுமே "நோ சைஸ், நோ சைஸ்" என்று கையை ஆட்டுவார்கள். வைய வேண்டும் என்று சொல்வதில்லை, உண்மையைச் சொல்கிறார்கள், ஆனாலும் நாலாவது கடையில் மனசு விட்டுப்போகிறது.

ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்தான் பாஹுரத் போகச் சொன்னார். அது பாங்காக்கில் நம்மவர்கள் துணி விற்கும் பகுதி. அங்கே துணி எடுத்து, அங்கேயே ஒரு தையல்காரரிடம் கொடுத்து, மாலைக்குள் இரண்டு குர்தா தைத்துக்கொண்டேன். அளவு எடுத்தபோது அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எண்ணை மட்டும் குறித்துக்கொண்டார். அந்த மரியாதைக்காகவே ஐம்பது பாட் கூடுதலாகக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து இரண்டு செட் துணியும் உள்ளாடைகளும் கைப்பையில்தான் வைக்கிறேன். கூடவே தொடை வரைக்கும் வரும் சைக்கிள் ஷார்ட்ஸும் ஒரு சின்ன டப்பா வாசலினும். ஒரு நாள் முழுக்க நடந்தால் தொடை உரசிப் புண்ணாகிவிடும் என்பதை நம்மிடம் யாரும் சொல்வதில்லை, நாமும் வெளியே சொல்வதில்லை. காலையில் கிளம்பும்போதே தடவிக்கொள்ளுங்கள். எரிய ஆரம்பித்த பிறகு தடவிப் பிரயோசனமில்லை.

ரொறன்ரோவிலிருந்து

என்ரை அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். அம்மாவுக்கு 140 கிலோவுக்கு மேலே, முழங்காலும் ஏலாது. வன்கூவரில் அண்ணா வீட்டுக்குப் போக வேணும் என்று நெடுநாள் ஆசை. ஐந்து மணித்தியாலம் ஒரு சீட்டில் இருக்க ஏலாது, இரண்டு சீட்டுக்குக் காசு கொடுக்க அம்மாவுக்கு மனமில்லை. "உங்களுக்கு ஏன் பிள்ளை வீண் செலவு" என்பார்.

பிறகுதான் எனக்கு இது தெரிய வந்தது. உடல் பருமனால் இயலாமை உள்ளவர்களுக்கு இரண்டாவது இருக்கைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று கனடியப் போக்குவரத்து ஆணையம் 2008-ல் தீர்ப்புச் சொன்னது. 2009 ஜனவரியிலிருந்து நடைமுறை. "ஒரு ஆள், ஒரு கட்டணம்" என்பார்கள். கனடாவுக்குள்ளே பறக்கிற பயணங்களுக்குத்தான், கொழும்புக்கோ லண்டனுக்கோ போகிறதற்கு இல்லை. குடும்ப வைத்தியர் படிவம் நிரப்பித் தர வேணும், முற்கூட்டியே அனுப்ப வேணும்.

நான் விமானக் கம்பனியை ரெலிபோனில் கேட்டபோது எடுத்த பிள்ளை முதலில் அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார். நான் விடவில்லை, மேலதிகாரியைக் கேட்டேன். கிடைத்தது. அம்மா நடுக் கைப்பிடியைத் தூக்கிவிட்டு, இரண்டு சீட்டிலும் வசதியாக இருந்து, வழியிலே ரொக்கி மலையையும் பார்த்துக்கொண்டு போனா. தர்மத்துக்குத் தந்த இடமில்லை, சட்டப்படி அம்மாவுக்கு உரிய இடம். அம்மாவுக்கு அதை விளங்கப்படுத்தத்தான் எனக்குக் கனநேரம் எடுத்தது.

நியூ ஜெர்சியிலிருந்து

சுதந்திர தேவி சிலைக்குப் போகிறவர்கள் கவனிக்கவும். பீடம் வரைக்கும் லிஃப்ட் உண்டு. பீடத்திலிருந்து கிரீடத்துக்கு லிஃப்ட் கிடையாது; 162 படி, மிகக் குறுகலான சுழல் படிக்கட்டு, நடுவில் திரும்பி இறங்கவும் முடியாது. நான் பீடத்துக்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன். அங்கிருந்து தெரியும் துறைமுகமே எனக்குப் போதுமாக இருந்தது.

கிராண்ட் கேன்யனில் ஹெலிகாப்டர் ஏறியதுதான் எனக்கு முக்கியமான அனுபவம். ஏறுமுன் எடை பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டு இரவெல்லாம் தூங்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் நிற்கவைப்பார்களோ என்று பயம். போனால், ஒல்லியான என் மனைவியையும் ஒன்பது வயதுப் பையனையும்கூட அதே தராசில்தான் ஏற்றினார்கள். ஹெலிகாப்டர் ஒரு பக்கம் சாயாமல் இருக்க யார் எங்கே உட்காருவது என்று எடையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேலிருந்தால் கூடுதல் இருக்கைக்குப் பணம் கேட்பார்கள். முன்பதிவு செய்யும்போதே உண்மையான எடையைக் கொடுத்திருந்தேன், அதனால் அங்கே போய் எந்தப் பேச்சும் வரவில்லை. பையனுக்குப் பக்கத்தில் உட்கார முடியவில்லை, அது ஒன்றுதான் குறை.

மஸ்கட்டிலிருந்து, செவிலியர்

எல்லாரும் இருக்கையைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், காலைப் பற்றி நான் எழுதுகிறேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. பொதுவாக இது அரிதுதான். ஆனால் உடல் பருமன் இருந்தாலும், கருத்தடை மாத்திரை எடுத்தாலும் அபாயம் கூடும்.

இடிபடக் கூடாது, அடுத்தவரை எழுப்பக் கூடாது என்று நம்மைப் போன்றவர்கள் எட்டு மணி நேரமும் எழுந்திருக்காமல் இருக்கிறோம். கழிவறை சின்னது என்று தண்ணீரே குடிப்பதில்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். முன்பு ரத்தக்கட்டு வந்தவர்கள் டாக்டரைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். அழுத்தமான காலுறை போடுவதென்றால் காலை அளந்து வாங்குங்கள், இறுக்கமானது தொடையில் சுருண்டு வெட்டும்.

திருச்சியிலிருந்து

எல்லாவற்றையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். மஸ்கட் தங்கச்சி, தண்ணீர் குடிக்காதது நானேதான். இனிமேல் குடிக்கிறேன்.

ரொறன்ரோ தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அடுத்து இலங்கை போகலாம் என்கிறாள் மகள். சிகிரியா பாறைக் கோட்டையில் ஏறக்குறைய 1,200 படி என்று படித்தேன். உச்சி வரை எனக்கு வேண்டாம். அந்தச் சிங்கப் பாதம் இருக்கிற மேடை வரை போனால் போதும். ஓவியங்களைப் பார்க்க ஓர் இரும்புச் சுழல் படிக்கட்டு உண்டாமே. என்னைப் போன்ற உடம்புக்காரர்கள் யாராவது அதில் ஏறியிருக்கிறீர்களா? எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா?