‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’: மகனின் பணத்தை ஆடம் மறுத்தது நியாயமா?

கேள்வி:
அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் இந்த நாவலை (1952) இரண்டாம் முறை முடித்தேன். பனிக்கட்டியில் வைத்து ரயிலில் அனுப்பிய கீரை அழுகிப்போக, ஆடம் பெரும் பணத்தை இழக்கிறார். மகன் கேல் அவரை மீட்கவே 15,000 டாலரைச் சம்பாதித்துப் பரிசாக நீட்டுகிறான். அவரோ தொடவே மாட்டேன் என்கிறார். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். பெற்ற தகப்பன் இப்படிச் செய்யலாமா?

பதில்:
பணம் வந்த வழியைப் பாருங்கள். முதல் உலகப் போரில் விலை ஏறும் என்று தெரிந்தே, கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு விவசாயிகளிடம் அவரையை முன்கூட்டியே வாங்கி லாபத்துக்கு விற்றிருக்கிறான். ஆடமோ இளைஞர்களைப் போருக்கு அனுப்பும் தாளில் கையெழுத்திடுபவர். அந்த லாபம் அவருக்கு எப்படி இனிக்கும்?

கேள்வி கேட்டவர்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணத்தை மறுத்தவர் பையனை அணைத்திருக்கலாமே! பைபிளில் காயீன் கடவுளுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்ததும் நிலத்தின் விளைச்சல்தான், அதுவும் ஏற்கப்படவில்லை. கேலின் கையில் அவரை விற்ற பணம். அந்த வலி அப்படியே திரும்புகிறது.

இன்னொரு பதில்:
அதனால்தான் ஆடம் வீட்டுப் பணியாளர் லீ சொல்லும் ‘திம்ஷெல்’ என்ற எபிரேயச் சொல் எனக்கு உயிர். பாவத்தைப் பற்றிக் கடவுள் காயீனிடம் சொல்வது அது. தமிழ் வேதாகமத்தில் அந்த இடம் ‘ஆண்டுகொள்ளுவாய்’ என்றிருக்கிறது. லீ அதை ‘நீ ஆளலாம்’ என்று வாசிக்கிறார். சாகக் கிடக்கும் ஆடம் கடைசியில் மகனுக்குத் தருவது அந்த ஒரு சொல்லைத்தான்.

கேள்வி கேட்டவர்:
ஆடமின் நண்பர் சாமுவேல் ஹாமில்டனை மறந்துவிட்டோம். தன் வறண்ட நிலத்தில் நீரில்லாமல், ஊரார் நிலத்தில் கிணறு தோண்டியவர். அவர் இருந்திருந்தால் அன்று கேலைத் தனியே விட்டிருக்க மாட்டார்.