ஆம்புலன்சுக்கு வழிவிட சிவப்பில் நகர்ந்தேன், கேமரா பளிச்சிட்டது. ஆட்டோபானில் இன்னொரு குழப்பம்

வாணி, பியோப்லிங்கன்

வணக்கம். ஜெர்மனியில் கார் ஓட்டுகிறவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். மதுரையில் ஏழு வருடம் கார் ஓட்டியவள் நான். இங்கே குடிவந்து ஆறு மாதம் ஆனால் நம் ஊர் லைசென்ஸ் செல்லாது என்பதால் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் மறுபடி கொடுத்து, போன நவம்பரில்தான் இந்த ஊர் லைசென்ஸ் கைக்கு வந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால், வேலை முடிந்து திரும்பும் நேரம். சிக்னலில் இடது வரிசையில் முதல் வண்டி என்னுடையது. வலது பக்கம் ஒரு பெரிய லாரி. பின்னால் சைரன். கண்ணாடியில் நீல விளக்கு தெரிந்தது, எனக்கும் அதற்கும் நடுவில் மூன்று கார்கள். யாரும் அசையவில்லை. நான் நகர்ந்தால்தான் மற்றவர்கள் நகர முடியும் என்று புரிந்தது. நிறுத்தக் கோட்டைத் தாண்டி ஒரு வண்டி நீளம் முன்னால் போய், லாரியின் முன்பக்கம் கொஞ்சம் வலதாக ஒதுங்கினேன். பளிச் என்று ஒரு ஒளி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஆம்புலன்ஸ் என்னைத் தாண்டிப் போய்விட்டது. பச்சை விழும் வரை அப்படியே நின்றேன், கை நடுங்கிக்கொண்டிருந்தது. நேற்று தபாலில் கடிதம் வந்திருக்கிறது. ஒரு மாதம் ஓட்டக்கூடாது என்று வந்தால் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போக வேறு வழியில்லை.

இரண்டாவது விஷயம் ஆட்டோபான் என்கிற அதிவேக நெடுஞ்சாலையில், லெயோன்பெர்க் தாண்டி. நெரிசல். எல்லோரும் ஒதுங்கி நடுவில் வழி விட்டோம். போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி மூன்றும் போயின. அப்புறம் எனக்கு முன்னால் இருந்த கார் பழையபடி நடுவுக்கு வந்தது, நானும் வந்தேன். பத்து நிமிடம் கழித்து மஞ்சள் விளக்கோடு ஒரு இழுவை வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. பக்கத்துக் காரில் இருந்த பெரியவர் கண்ணாடியை இறக்கி என்னைத் திட்டினார். இழுவை வண்டிக்குமா வழி விட வேண்டும்? எப்போது வரை?

ராஜி, மன்ஹைம்

வாணி, முதலில் கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். அது அபராத ஆணையா, விளக்கம் கேட்கும் படிவமா? முதலில் வருவது பெரும்பாலும் விளக்கம் கேட்கும் படிவம்தான். அதில் பெயர், முகவரி, பிறந்த தேதி போன்ற சொந்த விவரங்களைக் கொடுத்தே ஆக வேண்டும். நடந்ததைப் பற்றி எழுதுவது உங்கள் விருப்பம். உங்கள் விஷயத்தில் எழுதுவதுதான் நல்லது என்பேன். வக்கீல் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக இந்தக் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை.

சட்டம் இப்படி. நீல விளக்கும் சைரனும் சேர்ந்து வந்தால், மற்ற எல்லோரும் உடனே வழி ஏற்படுத்த வேண்டும். போக்குவரத்து விதிகளின் 38ஆம் பிரிவு. நீல விளக்கு மட்டும் எரிந்தால் அது எச்சரிக்கைதான், வழி கேட்கும் உரிமை அதில் வராது. அதனால் சைரன் கேட்டதை எழுத மறக்காதீர்கள். வழி விடாமல் நிற்பதற்கே 240 யூரோ, ஓட்டுநர் பெயரில் பதிவாகும் தண்டனைப் புள்ளி இரண்டு, ஒரு மாத ஓட்டத் தடை என்று இருக்கிறது.

அதற்காக சிவப்பில் இஷ்டத்துக்குப் போகலாம் என்று பொருள் இல்லை. வேறு வழியே இல்லாதபோது, நடை வேகத்தில், யாருக்கும் ஆபத்து வராதபடி, தேவையான அளவு மட்டும் கோட்டைத் தாண்டலாம். நெருக்கடியைத் தவிர்க்கச் செய்த செயல் என்று அதை நியாயப்படுத்த இடம் உண்டு. கேமரா இரண்டு முறை பளிச்சிட்டது என்றீர்களே, அதுதான் உங்களுக்குச் சாதகம். முதல் படம் கோட்டில் எடுப்பது, இரண்டாவது படம் நீங்கள் சந்திப்புக்குள் எவ்வளவு தூரம் போனீர்கள் என்பதற்கு. இரண்டிலும் வண்டி ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்தால், சிவப்பைத் தாண்டி ஓடவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். சந்திப்புக்குள் நுழையாமல் கோட்டை மட்டும் தாண்டியதாக எடுத்துக்கொண்டால் வெறும் 10 யூரோ விஷயம். சிவப்பு விழுந்து ஒரு வினாடிக்கு மேல் ஆனபின் சந்திப்புக்குள் போனதாக எடுத்துக்கொண்டால் 200 யூரோ, இரண்டு புள்ளி, ஒரு மாதம் தடை. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள், அதனால் சும்மா பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

தேதி, நேரம், எந்த வரிசை, பக்கத்தில் லாரி, பின்னால் எத்தனை கார் எல்லாவற்றையும் சுருக்கமாக எழுதி, படங்களைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் ஆம்புலன்ஸ் போனதா என்பது 112 அழைப்புகளை வாங்கும் மையத்தின் பதிவில் இருக்கும், அதைச் சரிபார்க்கும்படியும் எழுதுங்கள். அதையும் மீறி அபராத ஆணை வந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஆட்சேபம் போக வேண்டும். உறையைக் கிழித்துப் போடாதீர்கள், இங்கே மஞ்சள் உறையின் மேல் கொடுத்த தேதியை எழுதியிருப்பார்கள்.

சேவியர், ஓபர்ஃபிராங்கன்

ராஜி அக்கா சொன்னதற்கு மேல் சிக்னல் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நடு வழியில் வருகிற வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவன் நான். சொந்த ஊர் நாகர்கோவில். வேலை மென்பொருள். இங்கே ஊரில் பெரும்பாலான தீயணைப்பு வீரர்கள் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள்தான். நானும் 2018இல் சேர்ந்தேன்.

வாணி, அந்த வழியை எப்போது உண்டாக்க வேண்டும் என்பதில்தான் பலருக்கும் தவறு நடக்கிறது. சைரன் கேட்டபிறகு அல்ல. ஒரு திசைக்கு இரண்டு வரிசையாவது உள்ள ஆட்டோபானிலும் ஊருக்கு வெளியே உள்ள சாலையிலும், வண்டிகள் நடை வேகத்துக்கு வந்த உடனேயே. 11ஆம் பிரிவு. இடது கோடி வரிசையில் இருப்பவர் இடது ஓரத்துக்கு, மற்ற எல்லா வரிசையும் வலதுக்கு. மூன்று வரிசையானாலும் நான்கானாலும் வழி இடது கோடி வரிசைக்கும் அதற்கு அடுத்ததற்கும் நடுவில்தான். வலது கையை முகத்துக்கு முன்னால் விரித்துப் புறங்கையைப் பாருங்கள். கட்டைவிரல் இடது வரிசை, மற்ற விரல்கள் மற்ற வரிசைகள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் எங்கள் வழி. வலது ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் இருக்கும் பட்டையில் நாங்கள் வந்துவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். பழுதான வண்டி அங்கேதான் நிற்கும். அந்தப் பட்டை எல்லா இடத்திலும் தொடர்ந்தும் இருக்காது.

எப்போது வரை என்று கேட்டீர்கள். நெரிசல் கலைந்து எல்லோரும் வேகம் பிடிக்கும் வரை. விதியில் போலீசும் உதவி வண்டிகளும் என்றுதான் இருக்கிறது. இழுவை வண்டியும் உதவி வண்டிதான். நொறுங்கிய கார் அகலாமல் சாலை திறக்காது. நாங்கள் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதில்லை. ஆம்புலன்ஸ் ஒரு ஊரிலிருந்து, மருத்துவர் வேறு காரில் வேறு ஊரிலிருந்து, எங்கள் நிலையத்தின் முதல் வண்டி, அப்புறம் பக்கத்து ஊர் நிலையத்தின் வெட்டும் கருவி வண்டி. பத்து நிமிட இடைவெளி சகஜம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு அக்டோபர் இரவு, மழை. முதல் வண்டி போய்விட்டது. நாங்கள் இரண்டாவது. முதல் வண்டி போனதும் வழி மூடிக்கொண்டது. எங்கள் வண்டி இரண்டரை மீட்டர் அகலம், இரண்டு பக்கக் கண்ணாடியையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்று. ஓட்டுநர் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். நான் இறங்கி முன்னால் நடந்து, ஒவ்வொரு கார் கண்ணாடியையும் தட்டி, இடது கையால் "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று காட்டினேன். ஒரு காரில் ஒரு பெண் அழுதுகொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினார். ஆனால் முன் வண்டியை ஒட்டி நின்றதால் திரும்ப இடமே இல்லை. கடைசியில் இரண்டு பேர் இருபது கிலோ கனமுள்ள, நசுங்கிய காரை விரிக்கும் கருவியைக் கையில் தூக்கிக்கொண்டு, இடுக்கில் அறுநூறு மீட்டர் நடந்தோம். கையுறைக்குள் மழைத் தண்ணீர் இறங்கியது. காருக்குள் மாட்டியிருந்தவர் நல்லபடியாக வெளியே வந்தார். அந்த நடைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, பதினோரு நிமிடம்.

2017 ஜூலை 3 அன்று, இதே பகுதியில் ஏ9 சாலையில், மியுன்ஷ்பெர்க் பக்கம், நெரிசலின் வாலில் ஒரு சுற்றுலாப் பேருந்து லாரியின் இழுவைப் பெட்டியில் மோதித் தீப்பிடித்தது. 18 பேர் இறந்தார்கள். வழி விடாமல் நின்றவர்கள் மேல் அன்று பெரிய கோபம் எழுந்தது. அதுவரை வழி விடாததற்கு அபராதம் 20 யூரோதான். அந்த இலையுதிர்காலத்திலேயே 200 ஆனது. இப்போது 200 யூரோ, இரண்டு புள்ளி, ஒரு மாதத் தடை. எங்களுக்குத் தடங்கல் ஆனால் 240. ஆம்புலன்சின் பின்னாலேயே அந்த வழியில் ஓட்டிப் போகிறவருக்கும் 240 யூரோவும் அதே தடையும். நம் ஊரில் ஆம்புலன்சுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் பழக்கம் எனக்கும் இருந்தது. தயவுசெய்து அதை இங்கே கொண்டுவராதீர்கள். ஊரிலும் விட்டுவிடலாம்.

அந்தப் பெரியவர் திட்டியதற்கு வருத்தப்படாதீர்கள். முன்னால் போனவர் மூடியதால் நீங்களும் மூடினீர்கள், அவ்வளவுதான். அடுத்த முறை நீங்கள் ஓரத்திலேயே நின்றால் உங்களுக்குப் பின்னால் உள்ளவரும் நிற்பார். இதை நான் வண்டிக்குள்ளிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன், ஒருவர் சரியாக நின்றால் பின்னால் ஐம்பது வண்டி சரியாக நிற்கும்.

லொறிக்காரன், டோட்முண்ட்

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து 1989இல் வந்தவன், இருபத்தாறு வருஷமாக லொறி ஓட்டுகிறேன். தம்பி சேவியர் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துச் சொல்கிறேன். அந்தப் பெண் அழுதார், திருப்ப இடம் இல்லை என்றாரே, அதுதான் மூலகாரணம். நெரிசலில் முன்னால் நிற்கிற வாகனத்தின் பின் சில்லு, அதாவது சக்கரம், உங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இடைவெளி விட்டு நில்லுங்கள். ஒட்டி நின்றுவிட்டால் பிறகு என்ன ஆசை இருந்தாலும் ஒதுங்க முடியாது. எங்கள் லொறி பதினாறு மீற்றருக்கு மேலே நீளம், நின்ற இடத்தில் பக்கவாட்டில் நகராது. உருண்டுகொண்டு இருக்கும்போதே ஒதுக்கினால்தான் உண்டு.

இன்னொன்று. நெரிசலின் வாலுக்கு வரும்போது நான்கு இன்டிகேற்றரையும் போடுங்கள், பின்னால் வருகிறவன் பார்க்கட்டும். பின்னால் வருகிற லொறி நின்றுவிட்டதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருங்கள்.

வாணி, பியோப்லிங்கன்

எல்லோருக்கும் நன்றி. படிவம்தான், ஆணை இல்லை. இணையத்தில் படம் பார்க்க வழி கொடுத்திருந்தார்கள். இரண்டாவது படத்தில் என் காருக்குப் பின்னால், ஓரத்தில், ஆம்புலன்சின் கூரை நீலமாகத் தெரிகிறது. என் வண்டி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடம். ராஜி அக்கா சொன்னபடி எழுதி இன்று தபாலில் சேர்த்துவிட்டேன்.

ஒரு சின்னச் சந்தேகம் பாக்கி. காலையில் எங்கள் தெருவில் பள்ளிப் பேருந்து நான்கு விளக்கையும் மினுக்கிக்கொண்டு நிற்கிறது. எதிர்ப்பக்கம் வரும் நானும் நிற்க வேண்டுமா?

சேவியர், ஓபர்ஃபிராங்கன்

நிற்க வேண்டியதில்லை, நடை வேகத்தில்தான் கடக்க வேண்டும். அதே சாலையில் எதிரே வருகிறவருக்கும் அது பொருந்தும், 20ஆம் பிரிவு. பிள்ளைகள் இறங்கிப் பேருந்துக்கு முன்னாலோ பின்னாலோ ஓடிவருவார்கள் என்பதால்தான். நிறுத்தத்தை நெருங்கும்போதே நான்கு விளக்கும் மினுங்கினால் அதை முந்தவே கூடாது.

உங்கள் வண்டியே ஆட்டோபானில் பழுதானால், நான்கு விளக்கையும் போட்டு, ஒளிரும் மேலாடையை உட்கார்ந்தபடியே மாட்டிக்கொண்டு, வலது பக்கக் கதவு வழியாக இறங்கி, மகளைக் கூட்டிக்கொண்டு இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். முக்கோணத்தை நூறு மீட்டராவது பின்னால் வைக்க வேண்டும். அதை விரித்து நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தடுப்புக்கு அப்பால் நடந்து போய் வையுங்கள். மேலாடை டிக்கியில் கிடந்தால் எடுக்கப் போகிற நேரம்தான் ஆபத்து. இன்றைக்கே அதை எடுத்து இருக்கைக்குக் கீழே போட்டுவிடுங்கள், மகளுக்கும் ஒன்று.