உப்பு நீரில் திராட்சை: வேர்ச்செடி மாற்றினால் இலைக் கருகல் நிற்குமா?

கேள்வி (ஓடைப்பட்டி விவசாயி):
அனைவருக்கும் வணக்கம். தேனி மாவட்டம் ஓடைப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பி, சொட்டுநீர் முறையில் விதையில்லாத் திராட்சை பயிரிட்டு வருகிறேன். கோடை முற்றும்போது அடி இலைகளின் ஓரம் பழுப்பேறி, பின்னர் கருகி உள்நோக்கிப் பரவுகிறது. கொழுந்துகள் நன்றாகவே இருக்கின்றன. நீரின் மின்கடத்துத்திறன் (கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டுவது) மீட்டருக்கு 2.1 டெசிசைமன்ஸ் எனப் பரிசோதனையில் வந்துள்ளது. சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவு என்று சொல்லிப் பொட்டாஷ் இடச் சொல்கிறார்கள். இது உப்பின் பாதிப்புதானா? புதிதாக நடும் பகுதிக்கு டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியில் (வேருக்காக வளர்த்து, மேலே நம் ரகத்தை ஒட்டும் கொடி) ஒட்டுக் கட்டலாமா?

பதில் (மண்வளம்):
ஐயா, நீங்கள் கூறும் அடையாளம் உப்பிலுள்ள குளோரைடின் மிகுதிக்குப் பொருந்துகிறது. ஆனால் சாம்பல்சத்துக் குறைவும் முதிர்ந்த இலைகளின் ஓரத்திலேயே தொடங்கும் என்பதால், பூக்கும் பருவத்தில் இலைக்காம்பைப் பரிசோதித்த பிறகே முடிவு செய்யுங்கள். அதுவரை சாதாரணப் பொட்டாஷை (பொட்டாசியம் குளோரைடு) இடவே வேண்டாம். அதன் எடையில் ஏறத்தாழ பாதி குளோரைடுதான். சாம்பல்சத்து தேவை என்று தெரிந்தால் பொட்டாசியம் சல்பேட்டாகக் கொடுங்கள்.

திராட்சைக்கு உப்பைத் தாங்கும் திறன் குறைவு. மண்ணின் செறிவுச் சாற்றில் (மண்ணை நீரால் நிறைத்துப் பிரித்தெடுக்கும் சாறு) மின்கடத்துத்திறன் 1.5 டெசிசைமன்ஸைக் கடந்தால், கூடும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் சுமார் 10 விழுக்காடு குறையும் என்பது பொதுவான கணக்கு. முதலில் நீரை உறிஞ்சுவதே கொடிக்குச் சிரமமாகி வளர்ச்சி மந்தமாகும். இலையில் உப்பு சேர்ந்து கருகுவது அதற்குப் பிந்திய கட்டம். உள்ளே வந்த உப்பைச் செல்லின் நுண்குமிழுக்குள் ஒதுக்கிவைக்கும் வழி கொடிக்கு உண்டென்றாலும், அதன் உண்மையான காவல் வேரில்தான் இருக்கிறது. நீரோடு சேர்ந்து நுழையும் சோடியம் தண்டுக்கு ஏறுமுன், அதை நீர்க்குழாய்த் திசுவிலிருந்து திரும்ப எடுத்து வேரிலேயே நிறுத்தும் ஒரு மரபணுவை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017-இல் அடையாளம் கண்டனர். வேர்ச்செடிக்கு வேர்ச்செடி இந்தத் திறன் வேறுபடுகிறது. சோடியத்தைத் தடுக்கும் வேர் குளோரைடையும் தடுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டும் தனித்தனி வேலைகள்.

பதில் (சாங்க்லி தோட்டம்):
மகாராஷ்டிரத்தில் டாக்ரிட்ஜ் பரவலாக நடப்பட்டது. வறட்சியைத் தாங்கி நன்றாக வளரும், குளோரைடையும் ஓரளவு மட்டுப்படுத்தும். ஆனால் சோடியம் மிகுந்த நீரில் ஆண்டுகள் செல்லச் செல்ல இலையில் சோடியம் சேர்கிறது; அத்தகைய இடங்களுக்கு 110 ஆர் என்ற வேர்ச்செடி மேலானது என்பது இங்குள்ளவர்களின் அனுபவம். ஆகவே நீர்ப் பரிசோதனையில் சோடியம், குளோரைடு அளவுகளைத் தனித்தனியே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இப்போது காய்ப்பில் உள்ள பழைய கொடிகளுக்கு என்ன செய்யலாம்?

பதில் (மண்வளம்):
சொட்டுநீரில் உப்பு ஈரவட்டத்தின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கும். கோடையின் முதல் தூறல் அதைக் கரைத்து வேர்ப்பகுதிக்குள் தள்ளிவிடும் என்பதால், தூறும்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். கனமழை பெய்த பிறகு, வடிகால் நன்றாக இருந்தால், கூடுதலாக நீர் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்குங்கள். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கே பயன்படும். வெறும் உவர் மண்ணில் அதற்குச் செலவழிக்க வேண்டாம்.