உதவி: 6க² + 6ப² = 13கப எனில் க : ப என்ன? எனக்கு 2 : 3, விடைக்குறிப்பில் 3 : 2

கடைசிபெஞ்ச்
அவசரம். குரூப் 4 மாதிரித் தாள் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். தலைப்பில் இருப்பதுதான் கேள்வி. எப்படிப் போட்டாலும் 2 : 3 தான் வருகிறது. விடைக்குறிப்பில் 3 : 2. எங்கே இடிக்கிறது? (போனில் தமிழ் விசைப்பலகைதான் இருக்கு, அதனால் எழுத்துகளை க, ப என்று மாற்றிவிட்டேன்.)

மலைக்கோட்டை
கேள்வியை முழுசாகப் போடுங்க. கொடுத்திருக்கும் நாலு விடைகளும் வேணும், நீங்க போட்ட வழியும் வேணும்.

இரட்டைக்கோடு
மாறி இரண்டு, சமன்பாடு ஒன்று. இது எப்படித் தீரும்? இன்னொரு சமன்பாட்டை விட்டுவிட்டீர்கள், நன்றாகப் பாருங்கள்.

சுருக்குவழி
விடைக்குறிப்பு சரி. (க² + ப²) / கப = 13/6. கீழே ஒரு 2 சேர்த்தால் (க² + ப²) / 2கப = 13/12. இப்போ கூட்டிக் கழித்தால், அதாவது இரண்டு பக்கமும் (மேல் + கீழ்) / (மேல் − கீழ்) எடுத்தால், (க + ப)² / (க − ப)² = 25/1. வர்க்கமூலம் 5/1. மறுபடி கூட்டிக் கழித்தால் க/ப = 6/4. அதாவது 3 : 2. பேனாவே தேவையில்லை, மனக்கணக்கு.

சாக்பீஸ்தூள்
இந்தக் குழுவில் மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாட்டை ஒழுங்காகப் படித்தவர் இங்கே வந்து நிற்கமாட்டார். இரட்டைக்கோடு அவர்களே, க, ப இரண்டின் மதிப்பைக் கேட்டால்தான் இரண்டு சமன்பாடு. இங்கே கேட்பது விகிதம். எல்லா உறுப்பும் இரண்டாம் படி, அதாவது சமபடித்தான சமன்பாடு. ப²-ஆல் வகுத்தால் க/ப என்ற ஒரே மாறிதான் மிஞ்சும். வலப்பக்கம் 13கப + 5 என்று இருந்திருந்தால் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

இரட்டைக்கோடு
சரி சார், விகிதம் என்பதைக் கவனிக்கவில்லை. அதைக் கொஞ்சம் அன்பாகவும் சொல்லலாம்.

டியூஷன்அக்கா
சுருக்குவழி தம்பி, வர்க்கமூலம் எடுக்கும்போது −5-ஐ எங்கே போட்டீங்க? (க + ப) / (க − ப) = −5 என்றால் க + ப = −5க + 5ப. 6க = 4ப. க : ப = 2 : 3. இதுவும் விடைதான். சமன்பாட்டில் க-வையும் ப-வையும் இடம் மாற்றினாலும் அப்படியேதான் இருக்கும். 3 : 2 சரி என்றால் 2 : 3-ம் சரியாகத்தான் வரணும்.

சுருக்குவழி
அக்கா, தேர்வில் −5 எல்லாம் யாரும் பார்ப்பதில்லை. மொத்தம் 200 கேள்வி, அதில் திறனறிவு 25, நேரம் மூணு மணி. இன்னும் சொன்னால் சுருக்குவழிகூட வேண்டாம், விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலே போதும்.

டியூஷன்அக்கா
போட்டுப் பாருங்க. க = 3, ப = 2: 54 + 24 = 78, வலப்பக்கம் 13 × 6 = 78. க = 2, ப = 3: 24 + 54, அதே 78. நாலு விடையில் இந்த இரண்டும் இருந்தால் எதைக் கருப்பாக்குவீங்க?

சுருக்குவழி
அப்படியானால் கேள்வியே தப்பு. மாதிரித் தாள் போடுகிறவர்கள் சரிபார்ப்பதே இல்லை, விடைக்குறிப்பில் பாதி குப்பை.

மலைக்கோட்டை
அதற்குத்தான் முழுக் கேள்வியைக் கேட்டேன். கடைசிபெஞ்ச் எங்கே?

சாக்பீஸ்தூள்
விடையைப் போட்டுப் பார்ப்பதெல்லாம் கணக்கே கிடையாது. குறுக்குவழி விற்கும் காணொளிகள் வந்த பிறகு யாரும் காரணிப்படுத்துவதே இல்லை.

சுருக்குவழி
வேலை கிடைத்த பிறகு ஆற அமரக் காரணிப்படுத்திக்கொள்கிறோம் சார்.

கடைசிபெஞ்ச்
மன்னிக்கணும், சார்ஜ் போயிடுச்சு. கேள்வியின் முதல் வரியில் "க > ப" என்று இருக்கு. அது முக்கியமா? நான் போட்டது:
6க² − 13கப + 6ப² = 0
6க² − 9கப − 4கப + 6ப² = 0
3க(2க − 3ப) − 2ப(2க − 3ப) = 0
(2க − 3ப)(3க − 2ப) = 0
2க = 3ப, அதனால் 2 : 3.

மலைக்கோட்டை
முக்கியமாவா! அது இருந்தால் 3 : 2 மட்டும்தான். விஷயம் முடிந்தது.

டியூஷன்அக்கா
முடியவில்லை. நடு உறுப்பைப் பிரித்தது அழகாக இருக்கு, கடைசி வரிதான் சிக்கல். 2க = 3ப என்றால் க/ப = 3/2. க பக்கம் இருக்கும் 2 கீழே போகும். எண்களை இருக்கிற வரிசையிலேயே தூக்கி விகிதமாக எழுதிட்டீங்க. இந்தக் கணக்கில் அது வெளியே தெரியாது. இன்னொரு காரணி 3க = 2ப, அதையும் அப்படியே தலைகீழாகப் படித்தால் 3 : 2 என்று வரும். ஒன்றின் தப்பு இன்னொன்றின் சரி. அதனால் "இரண்டும் சரிதான்" என்று நான் மேலே சொன்னதைக் கேட்டுவிட்டுப் போயிருந்தால் அடுத்த கணக்கில் மாட்டுவீங்க. இதைப் போடுங்க: 2க² − 7கப + 6ப² = 0. இதில் தலைகீழாகப் படித்தால் உடனே உதைக்கும்.

சாக்பீஸ்தூள்
ப = 0 ஆக இருக்கக் கூடாது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

மலைக்கோட்டை
ப = 0 என்றால் 6க² = 0, க-வும் பூச்சியம். அப்புறம் விகிதமே கிடையாது. அதுவும் இங்கே க > ப என்று இருக்கு சார்.

சுருக்குவழி
க > ப மட்டும் போதுமா? இரண்டும் குறை எண்ணாக இருந்தால்? க = −2, ப = −3. க பெரியது, விகிதம் 2 : 3. கேள்வி இன்னும் தப்புதான்!

டியூஷன்அக்கா
இதை ஒப்புக்கொள்கிறேன். "மிகை எண்கள்" என்று கேள்வியில் போட்டிருக்கணும்.

கடைசிபெஞ்ச்
(2க − 3ப)(க − 2ப) = 0. 3 : 2, 2 : 1. போட்டுப் பார்த்தேன், இரண்டும் பூச்சியம் வருது. தலைகீழாக 2 : 3 போட்டால் 20 வருது. நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி.

புதுவரவு
இதே இடத்தில் கேட்டுக்கொள்கிறேன். (3க + 5ப) : (3க − 5ப) = 7 : 3. இதற்கும் காரணிப்படுத்தணுமா?

சாக்பீஸ்தூள்
புது இழை தொடங்கவும்.

சுருக்குவழி
கூட்டிக் கழி. 3க/5ப = 10/4. க : ப = 25 : 6. இதில் வர்க்கமூலம் இல்லை அக்கா, −5 கேட்காதீங்க.