ஹாங்கோ தேயிலைக் கணக்கு: யாராவது உதவுங்களேன்

வணக்கம். யாங்சி ஆற்றுத் துறைமுகமான ஹாங்கோவின் (இன்று வூஹானின் ஒரு பகுதி) பழைய சுங்க அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1861-இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்த ஊர். கடலிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் உள்ளே இருந்தும் லண்டனுக்கு நேராகத் தேயிலைக் கப்பல் போயிருக்கிறது! ரஷ்யர்களோ தேயிலைத் தூளை நீராவி இயந்திரத்தில் செங்கல் போல அழுத்தி சைபீரியாவுக்கு அனுப்பினார்கள்.

எடை பிக்கலில் இருக்கிறது. ஒரு பிக்கல் சுமார் 60 கிலோ, சரி. மதிப்புதான் இடிக்கிறது. அது ஹைக்வான் டேலில் (சீனச் சுங்கத்துறையின் கணக்கு அலகு) இருக்கிறது. இந்த டேல் கையில் புழங்கிய நாணயமல்ல, வெள்ளி எடைக் கணக்கு. 1870-களிலிருந்து வெள்ளி விலை சரிந்ததால் ஒரே விகிதத்தில் பவுண்டுக்கு மாற்ற முடியவில்லை. ஆண்டுவாரி விகிதம் எங்கே கிடைக்கும்? அப்புறம், ஷாங்காய் வழியாகப் போன சரக்கு இரண்டு ஊர்க் கணக்கிலும் வருமா? இந்த அட்டவணைகளோடு மல்லுக்கட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.