மூச்சுநோயாளியின் படிவத்துக்கு இரண்டு சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அன்பர்களே, நாட்பட்ட மூச்சுநோய் உள்ளவர்களின் வேலைத்தகுதியை மதிப்பிடும் படிவத்தைத் தமிழாக்குகிறேன். திங்களன்று ஒப்படைக்க வேண்டும். முதல் பக்கத்தில் இம்பேர்மென்ட்: ஆழ இழுத்து வேகமாக ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் காற்றை ஸ்பைரோமீட்டரில் அளப்பது. இரண்டாம் பக்கத்தில் டிசெபிலிட்டி: அந்த மூச்சோடு அவரால் வேலை பார்க்க முடியுமா என்பது. என் வரைவில் இரண்டுக்கும் ‘இயலாமை’ என்றே விழுந்திருக்கிறது.

ஆசிரியர் எழுதியது:
‘ஊனம்’ போதுமே. எல்லாருக்கும் புரியும்.

மருத்துவர் எழுதியது:
ஐயா, அந்தச் சொல்லை நோயாளி முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டையும் ஒன்றாக்குவது அதைவிடப் பெரிய தவறு. இரண்டு நோயாளிகளுக்கு ஊதும் அளவு பாதியாகக் குறைந்திருக்கட்டும். கணக்கு எழுதுபவர் வேலையில் நீடிப்பார், மூட்டை தூக்குபவரால் முடியாது. வேலையிடத்துப் பொருள்களால் வரும் தொழில்வழி ஆஸ்துமாவில் நிலைமை தலைகீழ். விடுப்பில் இருக்கும்போது வந்து ஊதினால் அளவு சரியாகவே இருக்கும். பெயின்ட் அடிக்கும் கூடத்துக்குள் போனால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். முதல் பக்கம் சுத்தம், ஆனால் அந்த வேலை இனி அவருக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 1980-லேயே இவ்விரண்டையும் பிரித்துவிட்டது.

புலவர் எழுதியது:
‘ஒல்லாமை’ என்க. ஒல் என்றால் இயலுதல். ‘ஒல்லும் வகையான்’ என்பது குறள் 33. ‘ஒல்லுவது ஒல்லும்’ என்பது புறநானூறு 196. தளர்வதைக் குறிக்கும் ‘ஒல்கு’தலும் இவ்வேரே என்பது என் துணிபு. மூச்சு ஒல்கியவருக்கு வேலை ஒல்லாது. ஒரே வேரில் இரண்டு பக்கமும் அடங்கிவிடும்.

ஆசிரியர் எழுதியது:
படிவம் நிரப்புகிறவர் ‘ஒல்லி’யைத்தான் நினைப்பார், ஐயா. தவிர, ஒல்லார் என்றால் பகைவர். வேர் தேடுவதானால் ‘இளைப்பு’ இருக்கிறதே! மெலிவது, களைப்பது, மூச்சு வாங்குவது மூன்றும் அதில் உண்டு.

மருத்துவர் எழுதியது:
அழகான சொல்தான், ஆனால் அது நோயாளி தானே உணர்ந்து சொல்வது. மூச்சுத்திணறலை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கிறோம். உடை மாற்றும்போதே இளைப்பவருக்கு 4. படிவத்தில் அந்தத் தரத்தைக் கேட்கும் இடத்துக்கு ‘இளைப்பை’ வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
முதல் பக்கத்துக்கு ‘நுரையீரல் செயற்குறை’, இரண்டாவதற்குப் ‘பணி இயலாமை’. மூவர் சரி என்றதால் இதையே அனுப்புகிறேன்.

மருத்துவர் எழுதியது:
எந்தப் பணிக்கு என்று எழுத அருகில் ஒரு கோடு விடுங்கள், அம்மா. வெறுமனே ‘இயலாமை’ என்றால் ஆளே ஆகாதவர் என்றாகிவிடும்.

புலவர் எழுதியது:
கோடு விடலாம். என் வாக்கு ஒல்லாமைக்கே.